சூடு ஆறாத ரொட்டி

அத்தியாயம் 9

மெர்னாக் கிராமத்தில் செத்துப்போன கடைகள் எல்லாம் அந்தப் புதன்கிழமை காலையில் எழுந்து உட்கார்ந்தன.

முதலில் எழுந்தது ரொட்டிக்கடை. வருடக்கணக்காகச் சாத்திக் கிடந்த அதன் கதவை மேயர் தெல்மாஸ் தோளால் முட்டித் திறந்தார். உள்ளே குடியிருந்த வௌவால்கள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சண்டை எதுவும் போடாமல் தேவாலயத்துக்குக் குடிபெயர்ந்தன. அடுத்தது மருந்துக்கடை. அதன் பச்சைச் சிலுவை விளக்கை டிராக்டர் பேட்டரியில் இணைத்தார்கள். இரண்டு முறை கண் சிமிட்டிவிட்டு அதுவும் எரிந்தது.

டாக்டர் பெல்த்தியேயின் பித்தளைப் பெயர்ப்பலகையை அர்லெத் தன் கையாலேயே வினிகரும் உப்பும் போட்டுத் தேய்த்தாள். டாக்டர் இறந்து வெகுகாலம். உயிரோடு இருந்தபோதுகூட அந்தப் பலகை இவ்வளவு பளபளத்தது கிடையாது.

"போதும்டி, தேஞ்சு போயிடப் போகுது," என்றார் அவள் கணவர் லூசியேன்.

"தேயட்டும். அவ முகம் இதுல தெரியணும்."

அவ என்றால் ஜிஸ்லேன். அர்லெத்தின் அக்கா. போன வாரம் பாரிஸிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டாளே, அவளேதான்.

கூப்பிட்டு என்ன சொன்னாள் என்பதை அர்லெத் ஒரு வார்த்தை விடாமல் மனசுக்குள் ஊறப்போட்டு வைத்திருந்தாள். ஐந்தாம் மாடி வீட்டில் லிஃப்ட் கெட்டுக் கிடக்கிறதாம். முழங்கால் வலிக்கிறதாம். பாரிஸ் அலுத்துவிட்டதாம். எல்லாவற்றுக்கும் நடந்தே போய்வரும்படியான ஒரு சின்ன ஊராகத் தேடுகிறாளாம். கார் ஓட்ட அவள் கற்றுக்கொண்டதே இல்லை. எழுபத்தோரு வயதில் கற்றுக்கொள்ளும் உத்தேசமும் இல்லை.

ஊரைத் தேர்ந்தெடுக்க ஜிஸ்லேன் ஒரு சோதனை வைத்திருந்தாள். ஊர் ரொட்டிக்கடையில் சூடாக ஒரு ரொட்டி வாங்குவாள். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, விலைக்கு வந்திருக்கும் வீடு வரைக்கும் நடப்பாள். வாசலில் நின்று ரொட்டியைத் தொட்டுப் பார்ப்பாள். சூடு இருந்தால் ஊர் தேறியது. ஆறியிருந்தால் அடுத்த ஊர். நார்மண்டியில் ஆரம்பித்துப் பல ஊர்கள் இப்படி ரொட்டியோடு ரொட்டியாக ஆறிப்போயின.

"இங்கேயே வாயேன்க்கா. நம்ம ஊருதானே? எல்லாமே காலடியிலதான் இருக்கு," என்று அர்லெத் சொன்னாள். சொல்லும்போது அவள் குரலில் தேன் சொட்டியது. லூசியேன் பயந்துபோய் சூப் தட்டைக் கீழே வைத்துவிட்டார். முப்பது வருடத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியும் அந்தத் தேனை அவர் ருசி பார்த்ததில்லை.

உண்மையில் மெர்னாக்கில் நடந்து போய் வாங்குவதற்கு மழைத்தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. ரொட்டி, இறைச்சி, முடிவெட்டுகிறவர் எல்லாமே வண்டியில் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கிழமை. சந்தியில் ஹாரன் அடித்தால் ஊரே செருப்பை மாட்டிக்கொண்டு ஓடும். ஹாரன் கேட்காதவர்கள் அந்த வாரம் ரொட்டி இல்லாமலும் தலைமுடி வளர்ந்தும் இருப்பார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் லசூர் பட்டணத்துக்குக் காரில் போக வேண்டும். லூசியேனுக்குக் கண்ணில் புரை. அதனால் வீட்டில் ஸ்டீயரிங் பிடிப்பது அர்லெத் மட்டும்தான்.

அப்படிப்பட்ட ஊரில் அக்காவைக் கொண்டுவந்து நட வேண்டும். கார் ஓட்டத் தெரியாத, முழங்கால் மடங்காத, பேசிக்கொண்டே இருக்காவிட்டால் மூச்சு முட்டுகிற அக்காவை. அதுவும் எங்கே? மேட்டின் உச்சியில், வடக்குப் பார்த்த, பத்திர வக்கீலின் வீட்டில். அந்த வீட்டுக் குளிருக்குப் பயந்து வக்கீல் கம்பளித் தொப்பியோடுதான் தூங்குவார். கடைசியில் தொப்பி தலையை விட்டு வராமல், அப்படியே புதைக்க வேண்டியதாயிற்று.

"பாவம் இல்லையா அர்லெத்? கூடப் பொறந்தவ," என்றார் லூசியேன்.

"ரயிலடியில உட்கார்ந்திருந்தது நீங்களா, நானா?"

லூசியேன் வினிகர்ப் புட்டியை மூடி வைத்தார்.

அப்போது அர்லெத்துக்கு இருபத்திரண்டு வயது. பாரிஸில் ஒரு நாடக அரங்கில் உடை தைக்கும் வேலை கிடைத்திருந்தது. அந்த இலையுதிர்காலத்தில்தான் அப்பாவுக்கு ஒரு பக்கம் விழுந்துபோனது. ஒரு குளிர்காலம் மட்டும் நான் வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன், நீ போய் வேலையில் சேர் என்று ஜிஸ்லேன் எழுதினாள். அவள் வந்து இறங்குகிற ரயிலில் இவள் ஏற வேண்டியது. பழுப்புத் தோல்பெட்டியோடு அர்லெத் மெர்னாக் ரயிலடியில் உட்கார்ந்திருந்தாள். ரயில் வந்தது. அக்கா இறங்கவில்லை. அடுத்த ரயிலும் வந்தது. விளக்கேற்றும் நேரத்தில் நிலைய அதிகாரி வந்து, "வீட்டுக்குப் போ பொண்ணே," என்றார்.

அந்த வாரம்தான் ஜிஸ்லேனுக்கு வானொலியில் வேலை கிடைத்திருந்தது. அப்பா அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் படுக்கையில் இருந்தார். மனிதருக்கு எதிலும் அவசரம் கிடையாது.

அதைக்கூட அர்லெத் விழுங்கியிருப்பாள். ஜிஸ்லேன் காலை நேர நிகழ்ச்சியில் 'எங்க ஊரு' என்று கதை சொல்ல ஆரம்பித்தாளே, அதைத்தான் விழுங்க முடியவில்லை. மேயரின் அப்பா பசுவைக் காப்பாற்றக் குட்டையில் குதித்து, பசு அவரைக் காப்பாற்றிய கதை. ரொட்டிக்காரன் கிளோவிஸின் அம்மா சுட்ட ரொட்டியை வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கதை. நாடே சிரித்தது. மெர்னாக் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டது, ஒரு நாள் தவறாமல்.

ஒரு நாள் வாத்துகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தபோது, ஜன்னலோரத்து வானொலியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "எங்க ஊரு ரயிலடியில ஒரு பொண்ணு பெட்டியோட உட்கார்ந்திருந்தா. ரயில் எல்லாம் வந்து வந்து போச்சு. ஏன் ஏறலன்னு கேட்டாங்க. எனக்குன்னு தனியா ஒண்ணு வரும்னு நெனச்சேன்னாளாம்!" கடைசி வரிக்கு முன்னால் ஒரு சின்னச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு ஜிஸ்லேனின் முத்திரை. அன்றைக்கு வாத்துகள் இரண்டு வேளைத் தீனியை ஒரே வேளையில் தின்றன. வாளி அப்படிக் கவிழ்ந்துபோயிருந்தது.

ஆகவே அர்லெத் மேயரிடம் திட்டத்தைச் சொன்னபோது, அவர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. "பசு வேணுமா?" என்று மட்டும் கேட்டார்.

---

லசூர் பஸ் சந்தியில் வந்து நின்றது. வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அது வரும். நாலு மணிக்குத் திரும்பிப் போகும்.

ஜிஸ்லேன் இறங்கினாள். சிவப்புக் கோட்டு, சிவப்பு உதட்டுச்சாயம், கைத்தடி. "அடியே அர்லெத்! என்னடி இப்படி இளைச்சுட்ட?" என்று இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள்.

"பொறாமைதான்க்கா. உன்னப் பாத்துப் பாத்து."

"ரயில் என்னாச்சு? லசூர்ல எறக்கி பஸ்ஸுல ஏத்திட்டான்?"

அர்லெத் இதற்காக ஒரு வாரம் ஒத்திகை பார்த்திருந்தாள். "தண்டவாள வேலை நடக்குதுக்கா."

"எப்ப முடியுமாம்?"

"வசந்தகாலத்துல."

ஜிஸ்லேன் தலையாட்டினாள். அந்த நாட்டில் தண்டவாள வேலை என்று சொன்னால் கடவுளே வந்தாலும் மறுகேள்வி கேட்கமாட்டார். மெர்னாக்கின் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்து, அந்த இடத்தில் நாலு தலைமுறை ஆட்டுக்குட்டிகள் மேய்ந்துவிட்டன.

"வாங்க அண்ணி," என்றார் லூசியேன். முப்பது வருடம் தபால் கொடுத்தவர். பொய் சொல்லத் தெரியாது. ஆகவே அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் பேசக்கூடாது என்று அர்லெத் உத்தரவு போட்டிருந்தாள்.

"என்ன தம்பி, கண்ணு எப்படி இருக்கு? இங்க இருக்கறதெல்லாம் உங்களுக்குத் தெரியுதா?"

லூசியேன் மனைவியைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். "வாங்க அண்ணி," என்றார் மறுபடியும்.

ரொட்டிக்கடையில் கிளோவிஸ் வெள்ளை மேலங்கியோடு நின்றிருந்தான். அவன் வண்டி பின்பக்கத்து வைக்கோல் கொட்டகையில் ஒளிந்திருந்தது. ரொட்டி லசூரில் விடியற்காலையில் சுட்டது. அர்லெத் அதைத் தன் வீட்டு அடுப்பில் மறுபடியும் சுட்டாள். மேட்டு உச்சி வரைக்கும் சூடு தாங்க வேண்டுமே என்று இன்னும் ஒரு தடவை சுட்டாள். இப்போது அந்த ரொட்டியால் ஒரு மனிதனைத் தாராளமாகக் காயப்படுத்தலாம்.

"உங்க அம்மா மாதிரியே சுடறியேப்பா," என்று ஜிஸ்லேன் அதை விரலால் தட்டினாள். டொக் டொக் என்றது.

கிளோவிஸின் கழுத்து நரம்பு புடைத்தது. "நன்றிங்க மேடம்," என்றான். அவன் கை மேஜைக்கு அடியில் இன்னொரு ரொட்டியை இறுகப் பிடித்திருந்தது.

---

மேட்டுப்பாதையைப் பற்றி அர்லெத் தொலைபேசியில் 'லேசா ஒரு ஏத்தம்' என்று சொல்லியிருந்தாள். அந்த ஏற்றத்தில் ஏறுகிறவனின் நிழல்கூடப் பாதி வழியில் உட்கார்ந்து இளைப்பாறும்.

ஜிஸ்லேன் ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறினாள். அர்லெத் பின்னாலேயே போனாள். அக்காவின் மூச்சு வாங்குவதை அவள் வானொலி கேட்பதுபோல் உன்னிப்பாகக் கேட்டாள். இந்த மூச்சு ஜனவரிப் பனியில் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டாள். வெண்ணெய் தீர்ந்துபோன ஒரு சனிக்கிழமை. மருந்து தீர்ந்துபோன ஒரு ஞாயிறு. தொலைபேசி அடிக்கும். அர்லெத், காரை எடுத்துக்கிட்டு வாயேன். வர்றேன்க்கா, அடுத்த ரயில்ல வர்றேன். நினைக்க நினைக்க அவளுக்கு வயிறு நிறைந்தது.

வீட்டு வாசலில் ஜிஸ்லேன் நின்றாள். ரொட்டியைத் தொட்டாள். முகம் மலர்ந்தது.

"சூடு இருக்குடி!"

"நான்தான் சொன்னேனே."

"கையச் சுடுது. அடேங்கப்பா. பாரிஸ்ல அடுப்புக்குள்ளயே இவ்வளவு சூடு இருக்காது."

ஜன்னல் வழியே பள்ளத்தாக்கு முழுவதும் தெரிந்தது. ஜிஸ்லேன் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். எதையோ தேடுகிறவள் மாதிரி இருந்தது. "ரயிலடி அதோ அங்கதானே?" என்று கைத்தடியால் காட்டினாள்.

"அங்கதான்," என்றாள் அர்லெத்.

"கூரைல மரம் மொளச்சிருக்கு போல?"

"அலங்காரத்துக்கு வச்சிருக்காங்க."

ஜிஸ்லேன் சிரித்துக்கொண்டாள்.

இறங்கி வரும்போது தேவாலய மணி பன்னிரண்டு அடித்தது. இதுதான் அர்லெத்தின் திட்டத்திலேயே நேர்த்தியான இடம். மருந்துக்கடைக் கதவில் 'மதிய உணவு. இரண்டு மணிக்குத் திறக்கப்படும்' என்ற அட்டை தொங்கியது. டாக்டர் வீட்டுக் கதவிலும் அதே அட்டை. திறந்திருக்கும் கடையைக்கூட ஒரு பிரெஞ்சுக்காரன் சந்தேகப்படுவான். மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை மூடியிருக்கும் கடையை அவன் சந்தேகப்படவே மாட்டான். அது உயிரோடு இருப்பதற்கு அதைவிட அத்தாட்சி கிடையாது.

"டாக்டர் சாப்பிடப் போயிருக்காரு," என்றாள் அர்லெத்.

"நிதானமா சாப்பிடட்டும்," என்றாள் ஜிஸ்லேன். பித்தளைப் பலகையில் தன் முகத்தைப் பார்த்து உதட்டுச்சாயத்தைச் சரிசெய்துகொண்டாள். மருந்துக்கடைக்குப் பின்னால் ஒரு டிராக்டர் உறுமிக்கொண்டிருந்தது. பேட்டரி இறங்கிவிடாமல் இருக்க மேயர் எஞ்சினை ஓடவிட்டிருந்தார்.

---

காப்பிக்கடையில் ஊர் முழுக்கக் கூடியிருந்தது. ஊர் முழுக்க என்றால் ஒரு பெரிய மேஜை அளவு. சாதாரண நாளில் அந்தக் கடை மேயரின் உரமூட்டைக் கிடங்கு. மூட்டைகளை அடுக்கி, மேலே மேஜைவிரிப்புப் போட்டிருந்தார்கள்.

பயறும் பன்றித் தொத்திறைச்சியும் வந்தது. வாத்துக்கறி வந்தது. திராட்சை மது போய்ப் போய் வந்தது.

ஜிஸ்லேனுக்குப் பக்கத்தில் ஒனொரே கிழவரையும் பாஸ்தியேன் கிழவரையும் நண்பர்கள் மாதிரி நடிக்க உட்கார்த்தி வைத்திருந்தார்கள். இரும்புக்குண்டு ஆட்டத்தில் யாருடைய குண்டு கிட்டத்தில் விழுந்தது என்று தகராறு வந்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. குழம்பு வரும் வரை நடித்தார்கள்.

"உப்பை இப்படித் தள்ளுங்க, நண்பா," என்றார் ஒனொரே.

"உப்பு உங்க கிட்டதான் இருக்கு, நண்பா."

"இல்ல, உங்க கிட்டதான் ரெண்டு விரக்கடை கிட்ட இருக்கு."

பாஸ்தியேன் எழுந்தார். "அன்னிக்கும் இதே ரெண்டு விரக்கடைதானேடா சொன்ன, திருட்டுப்பயலே!"

உப்புக் கிண்ணம் பறந்தது. ஒனொரேவுக்கு முன்னாலிருந்த உரமூட்டை கிழிந்தது. மேஜைவிரிப்புக்கு அடியிலிருந்து யூரியா வெள்ளை வெளேரென்று கொட்டி, ஜிஸ்லேனின் காலணியை மூடியது.

மேயர் மேஜைவிரிப்பை இழுத்து அதை மூடப் பார்த்தார்.

ஜிஸ்லேன் காலைப் பார்த்தாள். கரண்டியால் கிளாஸைத் தட்டினாள். பிறகு அந்தக் குரல் வந்தது. வருடக்கணக்காக ஊரையே பல்லைக் கடிக்க வைத்த அதே காலை நேரக் குரல்.

"டாக்டர் பெல்த்தியே செத்தப்போ மலர்வளையம் அனுப்பினதே நான்தான். மனுஷன் இன்னும் மதிய சாப்பாடு முடிக்கல போலிருக்கு. மருந்துக்கடை டீசல்ல ஓடுது. ரொட்டிக்கடைத் தராசுல வௌவால் எச்சம். ரயிலடி கூரைல ஓக் மரம், அலங்காரத்துக்கு!" அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பசுவைத்தான் காணோம், தெல்மாஸ். அதையும் ஒரு ஓரமா நிறுத்தியிருக்கலாமே?"

மேயர் பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாக, "நான் கேட்டேன். இந்த அம்மாதான் வேண்டாம்னுச்சு," என்றார்.

அர்லெத்தின் காது இரண்டும் எரிந்தன. "தெரிஞ்சேதான் மேடு ஏறினியா?"

"பின்ன? நீ எனக்காக இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க. பாதியில எழுந்து போறது மரியாதையா இருக்குமா?"

"சரி. கூத்து முடிஞ்சுது. நாலு மணிக்கு பஸ். வேற ஊரைப் பாத்துக்கோ."

"எதுக்கு?" ஜிஸ்லேன் ரொட்டியைப் பிட்கப் பார்த்தாள். முடியாமல் லூசியேனிடம் கொடுத்தாள். அவராலும் முடியவில்லை. "இந்த ஊரு எனக்குப் பிடிச்சுப்போச்சு. கார் இல்லாம வாழணும்னா ரெண்டே வழிதான் அர்லெத். கடை பக்கத்துல இருக்கணும். இல்லேன்னா கார் ஓட்டத் தெரிஞ்ச தங்கச்சி பக்கத்துல இருக்கணும். கடை உள்ள ஊரெல்லாம் பாத்துட்டேன். எங்கயும் தங்கச்சி இல்ல."

லூசியேன் தொண்டையைக் கனைத்தார். உத்தரவை மீறி, "மேட்டு வீட்டுலயா அண்ணி?" என்றார்.

"அந்தச் சவக்குழிலயா? உங்க மாடி ரூம் காலியாத்தானே கிடக்கு தம்பி? தெக்குப் பாத்த ஜன்னல். திங்கக்கிழமை எனக்கு முழங்கால் டாக்டர், லசூர்ல. செவ்வாய் நீச்சல். வெள்ளி முடி சுருட்டணும். ஞாயித்துக்கிழமை சினிமா. வேற ஒண்ணும் பெருசா இல்ல."

அர்லெத் அங்கே உட்கார்ந்தபடியே தன் மிச்ச வாழ்நாளைப் பார்த்தாள். அது ஒரு காரின் முன்பக்கக் கண்ணாடி வழியே தெரிந்தது. பக்கத்து இருக்கையிலிருந்து அந்தக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அப்புறம் இன்னிக்கு நடந்ததை எழுதி வானொலிக்கு அனுப்பப் போறேன். பழைய ஆளுங்க கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. 'எங்க ஊரு' மறுபடி வரும்!"

கிளோவிஸ் கையிலிருந்த முள்கரண்டி வளைந்தது.

ஜிஸ்லேன் கைப்பையைத் திறந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்தாள். அதைத் தன் தட்டுப் பக்கம் வைக்கவில்லை. மேஜையின் குறுக்கே கையை நீட்டி, அர்லெத்தின் தட்டுக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்தாள். "பாரிஸ் வீட்டுச் சாவி. எனக்கு இனிமே எதுக்கு? வசந்தகாலத்துல வித்துடலாம். கீழ்த்தளத்துலயே ரொட்டிக்கடை, எதிர்ல நாடக அரங்கு, மூணாவது வாசல்ல மருந்துக்கடை. எல்லாம் காலடியில. ஆனா அந்தப் படிதான் என்னால முடியல."

அர்லெத் சாவியைப் பார்த்தாள்.

பிறகு எழுந்தாள். "வால்நட் பணியாரம் வீட்டுல இருக்கு. எடுத்துட்டு வர்றேன்," என்றாள். மேஜையைத் துடைக்கிற சாக்கில் கை ஒரு தடவை சாவி இருந்த பக்கம் போய் வந்தது.

---

பழுப்புத் தோல்பெட்டி மாடி அறை அலமாரியின் மேல் இருந்தது. இத்தனை வருடத்தில் பூட்டு துருவேறி இறுகிப்போயிருக்கும், சுத்தியலால்தான் உடைக்க வேண்டும் என்று அர்லெத் நினைத்தாள். விரல் பட்டதுமே க்ளிக் என்று திறந்துகொண்டது.

வாசலில் லூசியேன் நின்றிருந்தார்.

"வருஷா வருஷம் எண்ணெய் போடுவேன்," என்றார். "என்னிக்காவது வேணும்னு சொல்லுவியோன்னு."

அர்லெத் கோபமாக இரண்டு கம்பளிச் சட்டைகளை உள்ளே திணித்தாள். "நீங்களும் வரீங்களா?"

"வாத்துங்களுக்கு யாரு தீனி போடறது?"

"அவ இருக்காளே."

"அவங்க போட்டா, வாத்துங்க சிரிச்சே செத்துப்போயிடும்."

பெட்டியை அவரே தூக்கினார். படியில் கண் தெரியாமல் ஒரு முறை தடுமாறினார். அர்லெத் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். தெருவுக்குப் போய்ச் சேரும் வரையில் விடவில்லை.

நாலு மணி பஸ் சந்தியில் உறுமிக்கொண்டு நின்றது. காப்பிக்கடையிலிருந்து ஊர் முழுக்க வெளியே வந்தது. முன்னால் ஜிஸ்லேன், கையில் காப்பிக் கோப்பையோடு.

"பணியாரம் எங்கடி?"

"அலமாரில இருக்கு. நடந்து போய் எடுத்துக்கோ."

ஜிஸ்லேன் பெட்டியைப் பார்த்தாள். அந்தப் பெட்டியை அவளுக்குத் தெரியும். "எங்க கிளம்பிட்ட?"

"ஒரு குளிர்காலத்துக்கு வர்றேன்னு எழுதினியே, ஞாபகம் இருக்கா? கொஞ்சம் லேட்டாத்தான் வந்திருக்க. பரவாயில்ல. தண்டவாள வேலையா இருந்திருக்கும்." அர்லெத் அங்கியின் பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்து அக்காவின் கோட்டுப் பைக்குள் போட்டாள். "இது உனக்கு. இன்னொண்ணு எனக்கு. கணக்கு சரியாப்போச்சு."

"எனக்கு ஓட்டத் தெரியாதே!"

"எனக்கும் அப்பாவக் குளிப்பாட்டத் தெரியாமத்தான் இருந்துச்சு. கத்துக்கிட்டேன்."

ஒனொரேவும் பாஸ்தியேனும்கூட ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள், அதைக் கவனிக்காமலேயே.

"ரொட்டி வண்டி வெள்ளிக்கிழமை," என்றாள் அர்லெத், படியில் கால் வைத்தபடி. "ஹாரன் அடிச்சா ஓடணும். கிளோவிஸ் அதிக நேரம் நிக்கமாட்டான்."

"நிக்கவே மாட்டேன்," என்றான் கிளோவிஸ் சந்தோஷமாக.

பஸ் கதவு மூடியது. அர்லெத் ஜன்னலோரம் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். நாற்பது வருடத்துக்கு மேல் ஒரே இடத்தில் நின்றுபோயிருந்த ஏதோ ஒன்று நெஞ்சுக்குள் குலுங்கிக் கிளம்பியது. லூசியேன் தவறான ஜன்னலைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தார். அவள் எழுந்து அந்த ஜன்னலுக்கு மாறிப்போய்க் கையசைத்தாள்.

இப்போது அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும். பயந்திருக்கும். அழுதிருக்கும். பஸ்ஸின் பின்னால் தடியை ஊன்றிக்கொண்டு ஓடிவந்தாலும் வரும். இந்தக் காட்சிக்காகத்தானே இத்தனை வருடம்.

அர்லெத் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

ஜிஸ்லேன் ஓடிவரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். காப்பிக் கோப்பையை விருந்தில் மதுக்கிண்ணத்தை உயர்த்துவதுபோல் தங்கையைப் பார்த்து உயர்த்தினாள். பிறகு சிரித்தாள். லேசாக, உதட்டோரத்தில். கதையின் கடைசி வரியைச் சொல்வதற்கு முன்னால் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு.

பஸ் திரும்பியது. அர்லெத்தின் உள்ளங்கையில் பாரிஸ் வீட்டுச் சாவி, இத்தனை நேரம் இறுக்கிப் பிடித்ததில் ரொட்டி மாதிரி சுட்டது. அதை மேஜைக்குக் குறுக்கே நீட்டி இவள் தட்டுக்குப் பக்கத்தில் அக்கா எவ்வளவு பொறுமையாகக் கொண்டுவந்து வைத்தாள் என்பது அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.